245/75 ஆர்16 டயருக்குப் பதிலாக எந்த அளவைப் பொருத்துவது?

கல்தடம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷனும் பின்பக்கம் ஒரே துண்டான ஆக்ஸிலும் கொண்ட ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்றை ஓட்டி வருகிறேன். நிறுவனம் பொருத்திக் கொடுத்த டயர் 245/75 ஆர்16. ரிம்மின் அகலம் 7 அங்குலம். பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் ஓடும் வண்டி என்றாலும், விடுமுறை நாள்களில் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் மலைத்தடங்களிலும் ஓடைகளிலும், எப்போதாவது மணலிலும் இறங்குவதுண்டு. சக்கரத்தடம் ஆழமாகப் பதிந்திருக்கும் இடங்களில் பின் டிஃபரன்ஷியலின் (ஆக்ஸிலின் நடுவே இருந்து எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) உருண்டை நடுமேட்டுக் கல்லில் உரசுவதே என் முதன்மையான சிக்கல்.

இப்போதுள்ள டயர்கள் தேய்ந்துவிட்டதால் மாற்றும் கட்டாயமும் வந்துவிட்டது. 265/75 ஆர்16 போதுமா, 285/75 ஆர்16 வரை போகலாமா என்பதே என் குழப்பம். வண்டியை 2 அங்குலம் உயர்த்தும் ஸ்பிரிங்குகளைப் போட்டாலே உரசல் நின்றுவிடும் என்கிறார் ஒருவர். 18 அங்குல ரிம்மில் 265/60 போட்டால் தோற்றமும் பிடிப்பும் சேர்ந்தே கிடைக்கும் என்கிறார் இன்னொருவர். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அச்சாணி:

நண்பரே, முதலில் ஸ்பிரிங் யோசனையைத் தள்ளி வைத்துவிடுங்கள். சஸ்பென்ஷனை உயர்த்தினால் சேஸியும் அதற்கு மேலுள்ள பகுதிகளும்தான் உயரும். பின் ஆக்ஸில் சக்கரங்களோடு நேரடியாகப் பிணைந்திருப்பதால், டிஃபரன்ஷியலுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அந்த இடைவெளியை உயர்த்த வல்லது டயரின் விட்டம் மட்டுமே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 245 மி.மீ. அகலத்தில் 75 விழுக்காடு, அதாவது 183.75 மி.மீ., உங்கள் டயரின் பக்கச்சுவர் உயரம். அதை இரண்டால் பெருக்கி, 16 அங்குல ரிம்முக்குரிய 406.4 மில்லிமீட்டரைக் கூட்டினால் மொத்த விட்டம் ஏறத்தாழ 774 மி.மீ. இதே முறையில் 265/75 ஆர்16 டயரின் விட்டம் 804 மி.மீ., 285/75 ஆர்16 டயரின் விட்டம் 834 மி.மீ. என்று வரும். விட்டம் கூடுவதில் பாதிதான் தரை இடைவெளியில் சேரும் என்பதால், 265 உங்களுக்கு 15 மில்லிமீட்டரையும் 285 சரியாக அதன் இருமடங்கான 30 மில்லிமீட்டரையும் தரும். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் கல்லில் முட்டுவதற்கும் முட்டாமல் கடப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலை கியர் விகிதத்தில் தெரியும். 265-இல் விட்டம் ஏறத்தாழ 4 விழுக்காடும் 285-இல் ஏறத்தாழ 8 விழுக்காடும் கூடுகின்றன. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, அது இதுவரை துல்லியமாகக் காட்டி வந்தது என்று கொண்டால், வண்டி முறையே 104, 108 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி அமைக்கப்பட்டிருப்பதால் 4 விழுக்காட்டு மாற்றம் அதிலேயே ஓரளவு கரைந்துவிடும். 8 விழுக்காடு கரையாது. எஞ்சினுக்கும் இதே கதைதான். 3.73 விகிதமுள்ள டிஃபரன்ஷியல், 285 டயரோடு சேரும்போது 3.46 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் இழுவை மந்தமாவதோடு, லோ ரேஞ்சில் (மெதுவாக, மிகுந்த இழுவையோடு ஓட்டுவதற்கான தாழ் கியர் நிலை) ஊர்ந்து இறங்கும் வேகமும் அதே அளவு கூடிவிடும். 285 போட்டுவிட்டுக் கியர் விகிதத்தை மாற்றாமல் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மைலேஜ் கணக்கிடுவோர் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஓடோமீட்டரும் குறைவாகவே எண்ணும். 265 போட்டபின் அது 500 கிலோமீட்டர் காட்டினால் உண்மையில் ஓடியது ஏறத்தாழ 519. இதைத் திருத்தாமல், மைலேஜ் அடியோடு விழுந்துவிட்டதாகப் புலம்புவோரே மிகுதி.

18 அங்குல யோசனை உங்கள் தேவைக்கு நேர் எதிரானது. 265/60 ஆர்18 டயரின் விட்டம் 775 மி.மீ.; ஆகவே உயரத்தில் கிடைப்பது ஒன்றுமில்லை. பக்கச்சுவரோ 184-இலிருந்து 159 மில்லிமீட்டராகச் சுருங்கும். கல்லில் ஏறும்போது மடங்கிக்கொடுத்து ரிம்மைக் காப்பது அந்தச் சுவர்தான்.

சேற்றுத்தடம்:

அச்சாணி அவர்கள் சொன்ன கணக்கில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கேள்வியிலும் பதிலிலும், உயரம் வேண்டுமென்றால் அகலத்தையும் சேர்த்தே வாங்கியாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறது. 235/85 ஆர்16 என்றோர் அளவு இருப்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அதன் விட்டம் 806 மி.மீ.; 265/75-க்கு ஒரு மயிரிழை கூடுதல். அகலமோ இப்போதுள்ள டயரைவிட 10 மி.மீ. குறைவு. உங்கள் 7 அங்குல ரிம்மில் உறுத்தலின்றி அமரும். 265/75-க்கு 7 அங்குலம் என்பது பொதுவாக அனுமதிக்கப்படும் கீழ் எல்லை. 285/75-க்குக் குறைந்தது 7.5 அங்குலம் வேண்டுமாதலால் ரிம்மையும் மாற்ற நேரும்.

அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பதை எல்லா நிலத்துக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ள முடியாது. மேலே குழம்பும் அடியில் கெட்டித்தரையும் உள்ள சேற்றில், குறுகிய டயர் குழம்பைக் கிழித்துக்கொண்டு கெட்டியைத் தொடும். அகன்ற டயர் மேலேயே மிதந்து வழுக்கும். அகன்ற டயர் எடையும் கூடியது. அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் ஆற்றல் வேண்டும் என்பதைப் பிரேக் மிதிக்கும்போது உணரலாம். ஓடையைக் கடக்கையில் தண்ணீரைத் தள்ளும் முகப்பும் அதற்குப் பெரிது.

மணல்மேடு:

சேற்றுத்தடம் அவர்களின் பரிந்துரையை ஏற்கிறேன். மணலைப் பற்றி மட்டும் ஒன்று சேர்க்க வேண்டும். மணலில் அகன்ற டயருக்கு நன்மை உண்டு என்பது உண்மையே. ஆயினும் காற்றைக் குறைக்கும்போது டயர் தரையில் படியும் பரப்பு அகலவாக்கில் விரிவதைவிட நீளவாக்கில்தான் மிகுதியாக நீள்கிறது. ஆகவே, உயரமும் பக்கச்சுவரும் உள்ள குறுகிய டயர் 18 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அளவில் மணலைத் தாராளமாகக் கடக்கும். எப்போதாவது இறங்கும் மணலுக்காக ஆண்டு முழுவதும் அகலத்தைச் சுமந்து திரிவது வீண். பீட்லாக் (டயரின் விளிம்பை ரிம்மோடு இறுகப் பிடிக்கும் வளையம்) இல்லாத ரிம்மில் 15 பி.எஸ்.ஐ.-க்குக் கீழே இறக்கிவிட்டு ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடக்கூடும். தார்ச்சாலை ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்பியாக வேண்டும்.

எந்த அளவைத் தேர்ந்தாலும், டயர் உரசுமா என்பதைச் சமதளத்தில் நிறுத்திப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முன்சக்கரம் ஒன்றைப் பெரிய கல்லின் மீதோ சாய்தளத்தின் மீதோ மெதுவாக ஏற்றி, ஸ்பிரிங் முழுவதும் அமுங்கிய நிலையில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின், ஒருவரை உள்ளே அமர்த்தி ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பச் சொல்லுங்கள். சக்கர வளைவின் பின்கீழ் மூலை, பம்பரின் ஓரம், சேஸியும் பாடியும் இணையும் தாங்கி, உட்புறம் ஸ்டெபிலைசர் கம்பி ஆகிய நான்கு இடங்களிலும் எஞ்சியுள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஆஃப்செட் (ரிம்மின் மையக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) மாறாத ரிம்மில் 265 டயர் உள்ளும் வெளியுமாக 10 மில்லிமீட்டரும் ஆரத்தில் 15 மில்லிமீட்டரும் தின்னும். 235/85 ஆரத்தில் 16 மி.மீ. எடுத்துக்கொண்டாலும் பக்கவாட்டில் 5 மில்லிமீட்டரைத் திருப்பித் தரும்.

கல்தடம்:

அனைவருக்கும் நன்றி. மணல்மேடு அவர்கள் சொன்னபடியே அளந்து பார்த்தேன். இடப்பக்கம் முழுவதும் ஒடித்த நிலையில் பாடித் தாங்கிக்கு முன்னால் 22 மி.மீ. மட்டுமே மிஞ்சுகிறது, ஆகவே 285 என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. 235/85 வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். நான் பார்த்த டயரின் பக்கச்சுவரில் எல்டி என்ற எழுத்துகளும் 120/116 என்ற இரு எண்களும் உள்ளன. உச்ச அழுத்தம் 80 பி.எஸ்.ஐ. என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. அவ்வளவு காற்றா அடிக்க வேண்டும்?

அச்சாணி:

வேண்டாம். 120 என்பது ஒற்றைச் சக்கரமாகப் பொருத்தும்போது ஒரு டயர் தாங்கும் 1,400 கிலோ எடையையும், 116 என்பது இரட்டைச் சக்கரமாகப் பொருத்தும்போது ஒவ்வொன்றும் தாங்கும் 1,250 கிலோவையும் குறிக்கும். அந்த உச்ச எடையை ஏற்றும்போதுதான் 80 தேவைப்படும். உங்கள் வண்டியின் முன், பின் எடைக்குரிய அழுத்தத்தை அந்த டயருக்கான சுமை அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். எல்டி, அதாவது இலகு டிரக் வகை டயர் அதே எடைக்குச் சாதாரண டயரைவிடச் சற்றுக் கூடுதலான காற்றைக் கேட்கும். பிறகு டயரின் குறுக்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, நேர்ச்சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுப்பகுதி மட்டும் அழிந்திருந்தால் காற்று மிகுதி, ஓரங்கள் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. அட்டவணை சொல்லும் அளவுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள்.

சேற்றுத்தடம்:

ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். விட்டம் குறைந்த பழைய சக்கரத்தைப் பின்பக்கம் மாட்டிவிட்டு ஃபோர் வீல் இயக்கத்தில் கெட்டித்தரையில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸும் (விசையை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் பெட்டி) டிஃபரன்ஷியலும் முறுக்கேறிப் பழுதாகும். ஸ்டெப்னி வண்டியின் அடியில் தொங்கும் அமைப்பு என்றால், 806 மி.மீ. சக்கரம் அங்கே நுழைகிறதா என்பதையும், அதற்கும் சைலன்சர் குழாய்க்கும் இடையே விரல் நுழையும் இடமாவது இருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்குமுன் பார்த்துவிடுங்கள்.