ஓக் மரத்தளம் பதிக்க எந்த நெய்லர்: கிளீட்டா, ஸ்டேப்பிளா?

கேள்வி:
டொராண்டோவில் எங்கள் வீட்டு மேல்மாடியில் கார்ப்பெட்டை எடுத்துவிட்டு, முக்கால் அங்குலத் தடிமனும் மூன்றேகால் அங்குல அகலமும் உள்ள சிவப்பு ஓக் பலகைகளை நானே பதிக்க எண்ணியுள்ளேன். அடியில் இருப்பது பிளைவுட். வாடகைக் கடையில் கிளீட் என்னும் பல்லுள்ள ஆணியை அடிக்கும் காற்றழுத்த நெய்லரும் (ஆணி அடிக்கும் கருவி) ஸ்டேப்பிள் அடிப்பதும் கிடைக்கின்றன. விலை குறைந்த ஸ்டேப்பிளே போதுமா? பலகைகள் ஏற்கெனவே மெருகிடப்பட்டவை என்பதால், கீறல் விழுமோ என்றும் அஞ்சுகிறேன்.

மறுமொழி 1:
ஸ்டேப்பிளின் இரு கால்களும் பலகையை நன்றாகவே பிடிக்கும். ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடிக் காற்று வறளும்போது மரம் சுருங்குவதும், கோடையில் மீண்டும் விரிவதும் உங்கள் ஊரில் ஆண்டுதோறும் நடப்பவை. அந்த அசைவுக்கு இடம்கொடுத்தும் பிடி தளராதிருப்பது, பக்கங்களில் பற்கள் வெட்டப்பட்ட கிளீட்தான். உங்கள் பலகைக்கு 16 கேஜ் (ஆணியின் தடிமன் அளவு; எண் கூடக்கூட ஆணி மெலியும்), இரண்டு அங்குல நீளம் பொருந்தும். 18 கேஜ் மெல்லிய பலகைகளுக்கும், நாக்கு (பலகையின் ஓரத்தில் நீண்டு, ஆணி இறங்கும் விளிம்பு) எளிதில் பிளக்கும் பிரேசிலியன் செர்ரி போன்ற கடின மரங்களுக்கும் உரியது.

எந்தக் கருவியை எடுத்தாலும் காற்றழுத்தத்தைச் சரியாக வைக்காவிட்டால் பயனில்லை. 70 பிஎஸ்ஐ அளவில் தொடங்கி, வெட்டி எறியும் துண்டில் அடித்துப் பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஆணித்தலை துருத்தி நின்றால் அடுத்த பலகையின் காடி (ஓரத்துப் பள்ளம்) நாக்கோடு முழுமையாகச் சேராது. மிக ஆழமாகப் புதைந்தால் நாக்கு பிளந்து, பின்னாளில் நடக்கும்போது தளம் கிரீச்சிடும். ஆறு முதல் எட்டு அங்குலத்துக்கு ஓர் ஆணி அடித்து, பலகையின் முனைகளில் இரண்டு மூன்று அங்குலம் விட்டுவிடுங்கள்.

மறுமொழி 2:
கீறல் பெரும்பாலும் நெய்லரின் அடித்தட்டில் ஒட்டிய மணலாலும் மரத்தூளாலும் விழுவது. மெருகிட்ட பலகைக்கென உள்ள பிளாஸ்டிக் அடித்தட்டைக் கடையில் கேட்டு வாங்கி, அடிக்கடி துடைத்துக்கொள்ளுங்கள். சுவரோரத்து முதல் வரிசைக்கும் கடைசி வரிசைகளுக்கும் இந்த நெய்லர் நுழையாது. அங்கே மெல்லிய ஆணி அடிக்கும் சிறிய ஃபினிஷ் நெய்லரால் மேலிருந்து அடித்து, துளையை அதே நிற மெழுகால் அடைப்பதுதான் வழக்கம். உங்கள் பலகை மூன்று அங்குலத்துக்கு மேல் அகலமுள்ளதால், அதன் ஈரப்பதத்துக்கும் பிளைவுட்டின் ஈரப்பதத்துக்கும் இடையே 2 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது. ஈரப்பத மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கிளீட் நெய்லரையே எடுக்கிறேன். இதைக் கொண்டே பேஸ்மென்ட் அறையையும் முடித்துவிடலாமா?

மறுமொழி 1:
அங்கே கீழே இருப்பது கான்கிரீட் என்றால் இந்தக் கிளீட் இறங்காது. ஈரம் ஏறும் இடம் என்பதால் முக்கால் அங்குல ஓக் பலகையும் அங்கே வேண்டாம். பசையால் ஒட்டும் அல்லது தரையில் ஒட்டாமல் மிதக்கவிடும் என்ஜினியர்டு பலகையை (மர அடுக்குகளை ஒட்டிச் செய்தது) பாருங்கள்.