அஸ்வெசும (இலங்கை அரசாங்கத்தோட நலன்புரிக் கொடுப்பனவு): ஒரே லயத்துல இருக்கிற ரெண்டு குடும்பத்தை ஒரே குடும்பமா பதிஞ்சிட்டாங்க, எப்படித் திருத்துறது?

மலைப்புள்ள (மஸ்கெலியா பக்கம்)

வணக்கம். இந்தச் சிக்கலைத் தீர்த்தவங்க யாராவது இருந்தா வழி சொல்லுங்க. ரெண்டு மாசமா அலைஞ்சு ஓஞ்சு போயிட்டேன்.

எங்களுக்கு லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஒரு காம்பராவும் (அறை) இஸ்தோப்பும்தான் (முன் வராந்தா). காம்பராவுல மாமியாரும் கொழுந்தனும் இருக்காங்க. நாங்க இஸ்தோப்பை தகரமும் பலகையும் வச்சு அடைச்சு அதுக்குள்ள இருக்கோம், நான், வீட்டுக்காரர், ரெண்டு புள்ளைக. சமையல் தனி, அரிசி மா வாங்கறதும் தனி. லைட் மீட்டர் மட்டும் ஒன்னு. மாமியார் பக்கத்துல இருந்து உத்திரத்து மேலால வயர் இழுத்திருக்கோம், பில்லை ரெண்டு பங்கா போட்டுக் கட்டுறோம்.

2024ல ரெண்டாம் கட்டத்துக்கு விண்ணப்பம் போட்டோம். தகவல் எடுக்க வந்தவர் வாசல்ல நின்னபடியே எல்லாரையும் ஒரே குடும்பமா எழுதிட்டுப் போயிட்டார். கொழுந்தனுக்கு கொழும்புல கடை வேலை, அந்தச் சம்பளமும் எங்க கணக்குல ஏறிடுச்சு. முழு லைட் பில்லும் எங்க தலையில. பட்டியல்ல பேர் இல்ல.

நான் கொழுந்து எடுக்கிறேன். நாள் சம்பளம் கூட்டியாச்சுன்னு வெளிய எல்லாரும் சொல்றாங்க. ஆனா மழை மாசத்துல எனக்கு எத்தன பேர் (முழுநாள் வேலைக் கணக்கு) விழுதுன்னு யாரு பாக்குறா? கிலோ குறைஞ்சா அரைப் பேர்தான். வீட்டுக்காரர் கண்டியில ஹோட்டல் வேலையில இருந்தார், அதுவும் நின்னுபோச்சு. என்ன செய்யலாம்?

கணக்குப்புத்தகம் (ஹட்டன்)

தங்கச்சி, முதல்ல ஒன்னத் தெளிவாக்கிக்கங்க. அஸ்வெசும வருமானத்தை மட்டும் பாத்துக் குடுக்கிறது இல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்புன்னு ஆறு தலைப்புல 22 குறிகாட்டி வச்சுப் புள்ளி போடுறாங்க. மின்சாரப் பாவனையும் அதுல ஒன்னு. அதனால கொழுந்தன் சம்பளமும் முழு பில்லும் சேர்ந்தா உங்க புள்ளி மாறிடும். அடிப்படைத் தப்பு ஒன்னுதான், குடும்பத்தைப் பிரிக்காம விட்டது. "வறுமையானவங்க, உதவுங்க"ன்னு எழுதாதீங்க. அப்படி ஆயிரம் கடிதம் வரும். "ஒரே முகவரியில ரெண்டு குடும்பம், அடுப்பு தனி"ன்னு எழுதுங்க.

நம்ம நாட்டுல கணக்கெடுப்புல குடும்பம்னா ஒன்னா இருந்து ஒன்னா சமைச்சுச் சாப்பிடுறவங்க. கூரையையோ கதவையோ வச்சுப் பிரிக்கிறது இல்ல. லயத்துக்கு இது ரொம்ப முக்கியமான விஷயம், ஏன்னா எங்கள்ல பாதிப் பேர் ஒரே கதவு இலக்கத்துக்குள்ள மூணு அடுப்பு எரிக்கிறோம்.

கடிதத்தோட வைக்க வேண்டியது: கல்யாணச் சான்றிதழ், புள்ளைகளோட பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தர்கிட்ட தனிக் குடும்பம்னு ஒரு உறுதிக் கடிதம், தோட்ட ஆபீஸ்ல போன ஆறு மாசத்துச் சம்பளச் சீட்டு. அந்தச் சீட்டுலதான் எத்தன பேர் விழுந்துச்சுன்னு இருக்கு, அத விட நல்ல சாட்சி கிடையாது. மேன்முறையீட்டுக் காலம் முடிஞ்சிருந்தாலும் பிரதேச செயலகத்துல குடுத்து, உங்க பிரதியில திகதியோட முத்திரை வாங்கிட்டு வாங்க. முத்திரை இல்லாத கடிதம் குடுக்காத கடிதம். நலன்புரி நன்மைகள் சபையோட தொலைபேசி இலக்கம் 1924க்கும் பேசிப் பாருங்க, குடும்ப இலக்கத்தைக் கையில வச்சுக்கிட்டுப் பேசணும்.

பழைய பெரட்டு (பொகவந்தலாவை)

மகள், அஸ்வெசுமக்கு முந்தின உதவித் திட்டம் சமுர்த்தி 1995ல வந்தப்ப தோட்டப்புறத்தைப் பெரும்பாலும் வெளியிலயே வச்சிருந்தாங்க. "உங்களுக்குத்தான் மாசச் சம்பளம் இருக்கே"ன்னு சொன்னதை என் காதால கேட்டவன். 2023 ஜூலையில நடைமுறைக்கு வந்த அஸ்வெசுமக்குத்தான் நம்ம ஆக்களும் விண்ணப்பத்தாளைக் கையில எடுத்தாங்க. அதனால விட்டுடாதீங்க. மறுத்தா காரணத்தை எழுத்துல கேளுங்க. தமிழ்லயே கேளுங்க, தமிழும் அரச கரும மொழிதான்.

உங்க மாமியாருக்கு 70 தாண்டிருச்சா? தாண்டினவங்களுக்கு முதியோர் கொடுப்பனவு தனி, 2025ல அது 5,000 ரூபா ஆச்சு. அதையும் கேளுங்க.

ஊவாக்காரி (ஹப்புத்தளை)

அக்கா, எனக்கு பட்டியல்ல பேர் வந்தும் காசு கிடைக்க நாலு மாசம் போச்சு. பிறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில வேற மாதிரி, வங்கிப் புத்தகத்துல இன்னொரு மாதிரி. தோட்டத்துல பிறந்த எங்க எல்லார் பேரும் யாரோ ஒருத்தர் காதுல விழுந்தபடி எழுதினதுதானே. நீங்க இப்பவே மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா பாருங்க. வித்தியாசம் இருந்தா ரெண்டும் ஒரே ஆள்னு சத்தியக் கடதாசி ஒன்னு முடிச்சு வச்சுக்கங்க. வங்கியில கௌண்டருக்கு முன்னால நின்னு அழறதை விட இது லேசு, நான் அழுதிருக்கேன்.

கணக்குப்புத்தகம்

வீட்டுக்காரர் வேலை பத்திக் கேட்டீங்க. நம்ம நாட்டுல வேலை போனவருக்குன்னு மாசக் கொடுப்பனவு எதுவும் இல்ல, அதை எதிர்பாத்து நாள் கடத்த வேணாம். பிரதேச செயலகத்துலயே மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், வேலை தேடுறவங்களைப் பதியிறது அவர்கிட்டதான். சமையல் அனுபவம் இருந்தா அதைச் சோதிச்சு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுக்கவும் வழி இருக்கு. கடிதம் குடுக்கப் போற அன்னைக்கே அவரையும் கூட்டிட்டுப் போங்க, ரெண்டு பஸ் காசு மிச்சம்.

மலைப்புள்ள

எல்லாருக்கும் நன்றி. நேத்து போயிட்டு வந்தேன். தோட்ட ஆபீஸ்ல சம்பளச் சீட்டு பாத்தா ஒரு மாசத்துல 11 பேர்தான் விழுந்திருக்கு. அதைப் பாத்ததும் கிராம உத்தியோகத்தர் ஐயா வீட்டுக்கே வந்தார். இந்தத் தடவை உள்ள வந்து பாத்தார். மாமியார் அடுப்புல தேத்தண்ணி கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு, பலகைக்கு இந்தப் பக்கம் என் அடுப்புல பருப்பு. "ரெண்டுதான்"னு சொல்லிட்டு அங்கயே நின்னு எழுதினார். முத்திரையும் வாங்கிட்டேன்.

பேர் விஷயம் பாத்தேன், என் அடையாள அட்டையில ஒரு எழுத்து வேறதான். இன்னொன்னு கேக்கணும். தனியா பிரிச்சுப் புள்ளி போட்டா எந்தப் பிரிவுல வரும்னு முன்கூட்டியே தெரியுமா?

கணக்குப்புத்தகம்

அதை யாராலயும் சொல்ல முடியாது தங்கச்சி, சொல்றேன்னு காசு கேட்டு வர்றவங்களை நம்பாதீங்க. 2025 ஜனவரியில இருந்து வறிய குடும்பத்துக்கு மாசம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500. முதல்ல இது 8,500உம் 15,000மா இருந்துச்சு. அந்த ஒரு எழுத்தைத் திங்கட்கிழமையே சரி பண்ணப் போங்க.