லோடு பேலன்ஸரா, ஜீரோ டிரஸ்ட்டா? ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு, தலை சுத்துது

கும்மோணம்_சிஸ்டம்

எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணத்துல ஒரு உரம், விதை டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல சிஸ்டம் பாக்குறேன். பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிட்டாலும் நான்தான், சர்வர் படுத்தாலும் நான்தான். ஹெட் ஆபீஸ் இங்க, கிளை 11, மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, சீர்காழின்னு டெல்டா பூரா சிதறிக் கெடக்கு. பில்லிங் சாஃப்ட்வேர் ஒரே ஒரு விண்டோஸ் சர்வர்ல ஓடுது, கிளைல இருக்கவங்க ரிமோட் டெஸ்க்டாப்ல உள்ள வர்றாங்க, ரூட்டர்ல அதுக்குப் போர்ட்டுன்னு வெளிலேர்ந்து உள்ள வர்ற கதவைத் தொறந்து விட்ருக்கு (எனக்கு முன்னாடி இருந்தவர் பண்ணிட்டுப் போனது, திட்டாதீங்க).

பிரச்சினை ரெண்டு. ஜூன் 12-ல மேட்டூர் தொறந்த வருஷம்னா குறுவை நெல்லுக்கு டிஏபி உரம் வாங்க கூட்டம் அம்மும், அந்த நேரம் பாத்து காலைல பத்து மணிக்கு ஸ்க்ரீன் அப்படியே உறைஞ்சு நிக்கும், திருத்துறைப்பூண்டி கிளை அக்கா போன் பண்ணி "தம்பி, ஒண்ணும் நகரல, வெளில முப்பது பேரு நிக்கிறாவோ"ன்னு கத்துவாங்க. இன்னொண்ணு, சர்வர் லாக்ல பாத்தா எவனோ அட்மினிஸ்ட்ரேட்டர் பேருல நாள் பூரா பாஸ்வேர்டு போட்டுப் போட்டுப் பாக்குறான்.

முதலாளி ரெண்டு வெண்டரைக் கூப்பிட்டார். ஒருத்தர் எஃப்5 பிக்-ஐபின்னு ஒரு லோடு பேலன்ஸர் பொட்டி வைங்க, அதுலயே ரிமோட் ஆக்சஸும் இருக்குங்கிறார். இன்னொருத்தர் ஜீஸ்கேலர்னு ஒரு ஜீரோ டிரஸ்ட் சர்வீஸ் போட்டா லோடு பேலன்ஸரே தேவையில்லைங்கிறார். முதல் கொட்டேஷன் தொகை முதலாளி போன மாசம் வாங்குன டிராக்டரைத் தாண்டுது. ரெண்டும் ஒண்ணா, வேறயா, எதை வாங்கச் சொல்றது?

வெண்ணாத்தங்கரை

தம்பி, ரெண்டும் வேற வேற சாமான். கல்லணைல பாத்திருப்பீங்க, வர்ற தண்ணியைக் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரிச்சு விடுறாங்கல்ல, எது எவ்வளவு தாங்கும்னு பாத்து ஷட்டரை ஏத்தி எறக்குறது, லோடு பேலன்ஸர் வேலை அம்புட்டுதான். ஒரு சர்வர் செத்துப்போனா ஹெல்த் செக்ல கண்டுபிடிச்சு அந்தப் பக்கம் தண்ணி விடாம நிறுத்திரும்.

ஜீரோ டிரஸ்ட்டுன்னா யாரையும் நம்பாம ஒவ்வொரு தடவையும் சோதிக்கிறது, உரம் பில் போடுற உங்க கடை பிஓஎஸ் மிஷினையே கேளுங்க. இருபது வருஷமா உங்ககிட்ட வாங்குற மிராசுதாரரே வந்தாலும் ஆதாரைக் காட்டி ரேகை வச்சாத்தான் யூரியா பில் வரும், நேத்துதானே வச்சேன்னா நடக்காது. பில் போட்ட மூட்டை மட்டும்தான் கைக்கு வரும், குடோனுக்குள்ள நடந்து போய் கைக்குக் கெடச்சதை எடுக்க முடியாது. பழைய விபிஎன் (வெளில இருக்கவங்களை ஆபீஸ் நெட்ஒர்க்குள்ள கொண்டு வர்றது) பண்றது குடோன் சாவியையே கையில குடுக்குற வேலை. இது நேத்து மொளச்ச வார்த்தையும் இல்ல, 2010-ல ஃபாரெஸ்டர்ங்கிற ஆராய்ச்சிக் கம்பெனில இருந்த ஜான் கிண்டர்வாக் பேச ஆரம்பிச்சது, கூகுள் தங்க மேல 2009-ல நடந்த ஹேக்கர் தாக்குதலுக்கு அப்புறம் பியாண்ட்கார்ப்னு உள்ளுக்குள்ளயே செஞ்சு காட்டுனாங்க, அமெரிக்காவோட தரநிர்ணய அமைப்பு என்ஐஎஸ்டி 800-207ன்னு 2020-ல ஆவணமாவே போட்டாச்சு.

இப்ப நான் கேக்குறேன், உங்ககிட்ட சர்வர் ஒண்ணுதானே இருக்கு? ஒத்தை வாய்க்காலுக்கு எதுக்குங்க கல்லணை? இன்னொரு சர்வர் வாங்கி வச்சாலும் பின்னாடி டேட்டாபேஸ் ஒண்ணு, அது திணறுனா ரெண்டும் சேந்து திணறும். ஆமா, பத்து மணிக்கு மட்டும்தான் உறையுதா? மதியம் கூட்டம் இருந்தா எப்படி?

ஒரத்தநாடு_வீட்டுலேர்ந்து

சென்னைல ஒரு பேங்க் டேட்டா சென்டர்ல ஒம்பது வருஷம் இருந்துட்டு இப்ப ஊர்லேர்ந்து வேலை பாக்குறேன், அதனால எஃப்5-க்காக ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போறேன். நூத்துக்கணக்கான அப்ளிகேஷன், ஒவ்வொண்ணுக்கும் பத்து சர்வர், குக்கின்னு ஒரு அடையாளம் வச்சு ஒரே ஆளை ஒரே சர்வருக்கு அனுப்பணும், எஸ்எஸ்எல் என்கிரிப்ஷனை முன்னாடியே அவுக்கணும், வெப் தாக்குதலைத் தடுக்குற வாஃப் வேணும்னா அந்தப் பொட்டி காசுக்கு வேலை செய்யும். உங்களுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுற கதை.

வெண்டர் குழப்புறதுக்குக் காரணம் இருக்கு, எஃப்5-ல ஏபிஎம்னு ஒரு மாட்யூல், சிட்ரிக்ஸ் நெட்ஸ்கேலர்ல கேட்வே, ரெண்டும் லோடு பேலன்ஸர் மேலயே ரிமோட் ஆக்சஸை ஒட்ட வச்சது. எனக்குப் புடிக்காதது அதுதான். இன்டர்நெட்டைப் பாத்து நிக்கிற பொட்டி எதுவா இருந்தாலும் அடி விழும், 2020-ல எஃப்5 மேனேஜ்மென்ட் பக்கத்துல வந்த ஓட்டை, 2023-ல நெட்ஸ்கேலர்ல வந்த சிட்ரிக்ஸ் பிளீட்னு பெரிய கதையெல்லாம் இருக்கு. சிட்ரிக்ஸ் பிளீட்ல, லாகின் ஆனவருக்குக் குடுக்குற செஷன் டோக்கனே வெளில கசிஞ்சதால ஹேக்கர் ஓடிபி கேக்குற இடத்தையே தாண்டி உள்ள போயிட்டான், பேட்ச் போட்டதுக்கப்புறமும் பழைய செஷனை எல்லாம் கையால வெட்டி விட வேண்டியிருந்துச்சு. இதைப் பாக்க ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிக்கிற ஆள் உங்க ஆபீஸ்ல இருக்காரா? நீங்க ஒருத்தர்தானே.

பின்னாடி நிஜமாவே ரெண்டாவது சர்வர் வந்துச்சுன்னா ஹெச்ஏபிராக்ஸின்னு லோடு பேலன்ஸர் சாஃப்ட்வேர் போடுங்க, 2001-லேர்ந்து இருக்கு, ஓசிதான். ரெண்டு சின்ன லினக்ஸ் மிஷின், கூட கீப்அலைவ்டு, ஒண்ணு விழுந்தா ஐபி மத்ததுக்கு மாறிக்கும். ரிமோட் டெஸ்க்டாப்போட ஆர்டிபி குக்கியை வச்சு ஆளைப் பழைய சர்வருக்கே அனுப்புற வசதியும் அதுல உண்டு.

நாகை_நெட்ஒர்க்

நாங்க போன வருஷம் இதே வேலை பாத்தோம், மீன் ஏலக் கணக்கு சாஃப்ட்வேர், கிளை ஏழு. எங்களுக்குப் பெரிய தலைவலி பப்ளிக் ஐபி, பாதி எடத்துல சிம் போட்ட ரூட்டர், சிஜிநாட்டுக்கு (பல பேருக்கு ஒரே பப்ளிக் ஐபி) பின்னாடி இருக்கு, வெளிலேர்ந்து உள்ள வரவே முடியாது. ஜீரோ டிரஸ்ட் ஆளுங்க பண்ற நல்ல வேலை என்னன்னா ஆபீஸ்ல கனெக்டர்னு ஒரு சின்ன சாஃப்ட்வேரைப் போட்டா அதுவே உள்ளேர்ந்து வெளில போய்க் கட்டிக்கும், ஜீஸ்கேலர் ஆனாலும் கிளவுட்ஃப்ளேர் ஆனாலும் ட்வின்கேட் ஆனாலும் ரூட்டர்ல ஒரு போர்ட்டும் தொறக்க வேணாம். உங்க லாக்ல கதவைத் தட்டுறவன் நாளைக்குத் தட்ட கதவே இருக்காது.

உங்க அளவுக்கு ஜீஸ்கேலர் பெருசு. கிளவுட்ஃப்ளேர்ல 50 யூசர் வரைக்கும் ஃப்ரீ, 11 கிளை, கிளைக்கு மூணு பேருன்னு வச்சாலும் 33 பேர்தான். டெயில்ஸ்கேலும் நல்லாருக்கு, உள்ள ஒயர்கார்டுன்னு ஒரு விபிஎன், ரெண்டு மிஷினும் நேரா பேசிக்கும், நேரா முடியலன்னா டெர்ப்னு அவங்க ரிலே வழியா சுத்திப் போகும், அப்ப மவுஸ் இழுத்தா அரை செகண்ட் கழிச்சு நகரும். டெயில்ஸ்கேல் பிங் போட்டுப் பாத்தா எந்த வழின்னு காட்டிரும், வாங்குறதுக்கு முன்னாடி எல்லாக் கிளைலேர்ந்தும் போட்டுப் பாருங்க.

நிஜமான மல்லுக்கட்டு சாஃப்ட்வேர்ல இல்ல, ஆளுங்ககிட்ட. எங்க கிளைல நாலு பேருக்கும் ஒரே ஜிமெயில், ஓடிபி போறது ஓனர் மச்சான் போனுக்கு, அவர் கடலுக்குப் போயிட்டா கடை தொறக்காது. முதல்ல ஆளுக்கு ஒரு லாகின் குடுங்க, லாக்கை 180 நாள் வச்சிருங்க, மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் போட்ட 2022 உத்தரவு அப்படித்தான் சொல்லுது. அச்சடிச்ச பில் புக்கையும் தூக்கிப் போட்றாதீங்க. 2018-ல கஜா அடிச்சப்ப வேதாரண்யம் பக்கம் கரண்டும் இல்ல, டவரும் இல்ல, எந்த டிரஸ்ட்டும் வேலைக்கு ஆகல.

கும்மோணம்_சிஸ்டம்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. போர்ட்டை நேத்து சாயங்காலமே மூடிட்டேன், மூணு கிளைல கிளவுட்ஃப்ளேர் டெஸ்ட் ஓடுது, பட்டுக்கோட்டைல மட்டும் கொஞ்சம் இழுக்குது.

வெண்ணாத்தங்கரை அண்ணே, நீங்க கேட்ட கேள்வி ராத்திரி பூரா மண்டையைக் குடைஞ்சுது. மதியம் எவ்வளவு கூட்டம் வந்தாலும் உறையறதில்ல! இன்னிக்குக் காலைல டாஸ்க் மேனேஜரைத் தொறந்து வச்சுட்டு ஒக்காந்தேன், 9:50-க்கு டிஸ்க் நூறு சதவீதம். பேக்கப் ஓடுது. நான் அதை ராத்திரி 11 மணிக்குத்தான் போட்டிருக்கேன், ஆனா ஒம்பது மணிக்குக் கடை பூட்டுறப்ப மேனேஜர் மெயினை எறக்கச் சொல்லிடுவார், ஒரு தடவை இடி விழுந்து ஸ்விட்ச் போச்சு, அதுலேர்ந்து அப்படித்தான். விட்டுப்போன வேலையை மிஷின் ஆன் ஆனதும் செய்யின்னு ஒரு டிக் இருக்குல்ல, அதுவும் போட்ருக்கு. காலைல வாட்ச்மேன் மெயினைப் போட்டதும் அது பாட்டுக்குக் கெளம்பிருது. டிராக்டர் விலைக்கு கொட்டேஷன் வாங்கியாச்சு இதுக்கு.

இப்ப மேனேஜரை எப்படி ஒத்துக்க வைக்கிறதுன்னு சொல்லுங்க.

வெண்ணாத்தங்கரை

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்திங் பாத்து, சர்வர் ரூமுக்குத் தனி எம்சிபி, சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டுட்டு அப்புறம் பேசுங்க. அதுவரைக்கும் பேக்கப்பை மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்துங்க, அப்படியே காப்பியை ஒரு வெளி டிஸ்க்ல எடுத்துக் கழட்டியும் வைங்க, போர்ட் அத்தனை நாள் தொறந்து கெடந்திருக்கு, எவனாவது ஏற்கெனவே உள்ள வந்திருந்தா சர்வர்ல இருக்க காப்பியையும் கெடுத்திருவான்.