கடல் வற்றும் சனிக்கிழமை

குழு: அன்னம்மாள் ஆச்சி வீடு

வியாழன், மாலை

செல்வி அக்கா: எல்லோருக்கும் வணக்கம். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு அடுத்த மாதம் 16, புதன்கிழமை வருகிறது. அன்று மாலை எங்கள் பங்குக் கோவிலில் பூசை. அது போக ஒரு சனிக்கிழமை, இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத் தீவான லிண்டிஸ்ஃபார்னுக்கு அம்மா நடக்கும் அந்த மணல் வழியில் நாம் எல்லோரும் சேர்ந்து நடக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார். 12ஆ 19ஆ? இன்று இரவுக்குள் சொல்லுங்கள். தங்குமிடம் பிடிக்க வேண்டும்.

சித்தி: 19

லண்டன் பாபு: 19 ஓகே

தூத்துக்குடி மாமா: நினைவு நாளுக்கு முன்னால் எதுவும் வேண்டாம். 19தான்.

நான்: 19 எனக்கு நைட் டியூட்டி. யாரிடமாவது மாற்றிக்கொள்ள முடியுமா பார்க்கிறேன் அக்கா.

எடின்பரோ சித்தப்பா: பொறுங்கள், பொறுங்கள். அந்த இடத்துக்கு நாம் தேதி வைக்க முடியாது. கடல்தான் வைக்கும். ஒரு நாளில் இரண்டு முறை கடல் வந்து தீவைத் துண்டித்துவிடும். தண்ணீர் வற்றும் நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் ஆறு மணி நேரம் மாறிவிடும். அட்டவணையைப் பார்த்துவிட்டேன். 12ஆம் தேதி பகல் பன்னிரண்டை ஒட்டிக் கடல் வற்றுகிறது. அப்படியானால் 19ஆம் தேதி காலை ஆறு, இல்லாவிட்டால் மாலை ஆறு. வற்றிக்கொண்டிருக்கும்போதே மணலில் இறங்கி, திரும்ப ஏறுவதற்குள் கரை சேர வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களை வைத்துக்கொண்டு இருட்டப்போகும் நேரத்தில் நான் யாரையும் மணலில் இறக்க மாட்டேன்.

லண்டன் பாபு: காலை 6?

சித்தி: 4 மணிக்கே இறங்க வேண்டும். இருட்டு.

லண்டன் பாபு: சரி வேண்டாம்

செல்வி அக்கா: அப்படியானால் 12. அம்மாவின் பங்குக் குழுவும் அன்றுதான் போகிறது. அவர்களோடு வழிகாட்டி வருவார்.

தூத்துக்குடி மாமா: 16க்கு முன்னால் வேண்டாம் என்று சொன்னேனே.

சித்தி: அண்ணா, பூசைதான் 16 அன்றே நடக்கிறதே. இது நடை.

தூத்துக்குடி மாமா: நீங்கள் எல்லாம் அங்கே போய் முறையை மறந்துவிட்டீர்கள்.

சித்தி: முறை பேசுகிறவர்தான் வேளாங்கண்ணி நடைப்பயணத்தில் பாதியில் பஸ் ஏறினார்.

தூத்துக்குடி மாமா: அன்று எனக்குக் காய்ச்சல்!! அக்காதான் என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

நான்: பெரியம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள் மாமா. காய்ச்சல் என்று மட்டும் சொன்னதே இல்லை.

லண்டன் பாபு: சித்தப்பா ஒரு சந்தேகம். இணையத்தில் பார்த்தால் அரசு அட்டவணையில் நீண்ட நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம்தானே?

எடின்பரோ சித்தப்பா: கூடாது. இதை எல்லோரும் நிதானமாகப் படியுங்கள். நார்தம்பர்லாந்து நிர்வாகம் போடும் அந்த நேரம் தார்ச் சாலையில் காரில் போகிறவர்களுக்கு. நாம் நடப்பது சாலை இல்லை, அதற்குப் பக்கத்தில் மணலின் குறுக்கே நட்டிருக்கும் கம்பங்களை ஒட்டிப் போகும் பழைய யாத்திரை வழி. சுமார் 5 கிலோமீட்டர். நம் கால்களுக்கு இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் உயரமான கால்களின் மேல் கூண்டு போல அடைக்கலப் பெட்டிகள் நிற்கும். மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உயிர் தப்புவதற்கு. அதை நம்பி யாரும் கிளம்பக் கூடாது. ஒவ்வொரு வருடமும் சாலையில்கூடக் கார்கள் தண்ணீரில் மாட்டி மீட்புப் படகு வருகிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நடக்காமல் நம் குடும்பம் அந்த மணலில் கால் வைக்காது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சித்தி: அவர் சொல்வது சரி. இதில் மட்டும்.

லண்டன் பாபு: சரி சித்தப்பா 🙏

சித்தி: செருப்பா ஷூவா?

செல்வி அக்கா: அம்மா வெறுங்காலோடுதான் போவார்கள் சித்தி.

நான்: சில இடத்தில் சேறு கணுக்கால் வரை ஏறும். சிப்பியும் கிழிக்கும். சர்க்கரை இருப்பவர்கள் வெறுங்கால் வேண்டாம். பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். நர்ஸாகச் சொல்கிறேன்.

சித்தி: எனக்குத்தானே சொல்கிறாய்.

நான்: உங்களுக்கும் மாமாவுக்கும்.

தூத்துக்குடி மாமா: நான் வரவே இல்லையே.

சித்தி: சாப்பாடு என்ன? புளிசாதம் கட்டிக்கொள்ளலாமா? தீவில் கடை உண்டா?

லண்டன் பாபு: பிரியாணி

சித்தி: நினைவு நாளுக்கா?

லண்டன் பாபு: பெரியம்மா பிரியாணிக்காரி சித்தி

செல்வி அக்கா: கடை உண்டு சித்தி. ஊரே சின்னது. சாப்பாட்டை அப்புறம் பார்ப்போம்.

வியாழன், இரவு

ராபின் அண்ணன்: இப்போதுதான் பார்க்கிறேன். இங்கே வேலை நேரம். எனக்கு 12 முடியாது. 19க்குப் பிறகுதான் டொராண்டோவிலிருந்து கிளம்ப முடியும்.

தூத்துக்குடி மாமா: இந்தத் தடவையாவது வருகிறாயா?

சித்தி: அண்ணா.

செல்வி அக்கா: மாமா, பயணத் தாள் கையில் இல்லாமல் அவன் அன்று அடக்கத்துக்கு எப்படி வர முடியும்? ஒரு வருடமாக இதே பேச்சு.

ராபின் அண்ணன்: விடு அக்கா.

எடின்பரோ சித்தப்பா: சரி, கணக்குப் பார்த்தால் இரண்டு வாரத்தில் கடல் சுற்றி வந்து கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு நிற்கும். 12ஆம் தேதி பகல் என்றால் 26ஆம் தேதியும் பகலை ஒட்டியே வரும். நினைவு நாளுக்குப் பிறகு, ராபினும் இருப்பான், மச்சானுக்கும் குறை இல்லை. ஆனால் பங்குக் குழு இருக்காது, வழிகாட்டியை நாமே பிடிக்க வேண்டும்.

லண்டன் பாபு: 26 ஓகே

சித்தி: 26

நான்: 26 எனக்கு ஓய்வு நாள்!

செல்வி அக்கா: அப்பா, 26 சரியா?

செல்வி அக்கா: அப்பா?

சித்தி: தூங்கியிருப்பார் அண்ணன்.

வெள்ளி, காலை

பெரியப்பா: 26 சரி. நான் மெல்ரோஸிலிருந்து நடக்கிறேன்.

செல்வி அக்கா: என்னது?

சித்தி: அண்ணா அது 100 கிலோமீட்டர்

பெரியப்பா: தெரியும். ஓய்வு பெற்றதும் முழுப் பாதையும் நடக்க வேண்டும் என்று அவள் பூட்ஸ் வாங்கி வைத்தாள். அட்டைப் பெட்டியோடு இருக்கிறது.

பெரியப்பா: [படம்]

நான்: பெரியப்பா…

எடின்பரோ சித்தப்பா: அண்ணன், நல்ல முடிவு. நானும் வருகிறேன். ஸ்காட்லாந்தின் மெல்ரோஸிலிருந்து லிண்டிஸ்ஃபார்ன் வரை போகும் இந்தப் புனித கத்பெர்ட் பாதையை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளட்டும். எடின்பரோவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ட்வீட்பேங்க், அங்கிருந்து மெல்ரோஸ் பக்கம்தான். முதல் நாளே எயில்டன் குன்றுகள். ஏற்றம் முதலிலேயே வந்து மூச்சு வாங்க வைக்கும். பிறகு ட்வீட் ஆற்றங்கரை, அப்புறம் ரோமானியர் போட்ட பழைய சாலை. பாதையில் மிக உயரமான இடம் வைட்ஓபன் குன்று, 368 மீட்டர், அதுதான் ஏறக்குறைய பாதி வழி. கர்க் யெட்டத்தில் இறங்கி, அங்கிருந்து ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி வூலர். அந்த ஒரு நாள் மட்டும் சுமார் 21 கிலோமீட்டர், செவியட் மலைக்காட்டில் ஆடுகளைத் தவிர ஆள் கிடையாது, மூடுபனி இறங்கினால் நின்று வழி பார்க்க வேண்டும். வூலருக்குப் பிறகு கத்பெர்ட் குகை, ஃபெனிக், கடைசியாக மணல். திங்கள் 21 கிளம்பினால் சனி 26 தீவில் இருக்கலாம். ஆறு நாள். நாலு நாளில் முடிப்பவர்களும் உண்டு, நமக்கு வேண்டாம்.

லண்டன் பாபு: எனக்கு லீவு இல்லை. வெள்ளி இரவு ஃபெனிக் வந்து சேர்ந்துகொள்கிறேன்.

சித்தி: நானும் கடைசி நாள்தான். முட்டி.

செல்வி அக்கா: அப்பாவுக்குப் போன வருடம்தான் ஸ்டென்ட் வைத்தது. டாக்டரைக் கேட்காமல் யாரும் எதையும் பதிவு செய்யாதீர்கள். நல்ல முடிவு என்று உற்சாகப்படுத்தாதீர்கள் சித்தப்பா, தயவு செய்து.

எடின்பரோ சித்தப்பா: கண்டிப்பாகக் கேட்க வேண்டும் செல்வி. தினமும் வண்டி வந்து ஏற்றிக்கொள்ள முடியாத இடம் அந்த எல்லை நாள் மட்டும்தான். அதை அண்ணன் விட்டுவிட்டு வூலரில் சேரலாம்.

பெரியப்பா: அதையும் நடப்பேன்.

தூத்துக்குடி மாமா: அத்தான் சொன்னால் சொன்னதுதான். அக்கா இருந்தால் தடுத்திருப்பாள்.

பெரியப்பா: அவள் இருந்தால் முன்னால் போயிருப்பாள்.

லண்டன் பாபு: ஒன்று கேட்கலாமா? இதைக் கெல்டிக் ஆன்மீகப் பாதை என்கிறார்கள். கத்பெர்ட் ஆங்கிலேயர்தானே?

சித்தி: ஐயோ பாபு, ஏன் கேட்டாய்

எடின்பரோ சித்தப்பா: நல்ல கேள்வி. அவர் இந்த நார்தம்பிரியா மண்ணின், அதாவது இந்தப் பகுதியின் பழைய அரசின், பிள்ளைதான். ஆனால் அவரை வளர்த்தது அயர்லாந்துத் துறவிகளின் வழி. கொலம்பா 563இல் அயர்லாந்திலிருந்து அயோனா தீவுக்கு வந்து மடம் வைத்தார். நார்தம்பிரியாவின் ஆஸ்வால்ட் மன்னர் அந்த அயோனாவிலிருந்துதான் ஆள் கேட்டார். முதலில் வந்தவர் கடுமையானவர், மக்கள் ஏற்கவில்லை, திரும்பிவிட்டார். பிறகு 635இல் வந்தவர் ஏய்டன். அவர் குதிரையில் போக மாட்டார். பிறகு வந்த ஆஸ்வின் என்ற மன்னர் குதிரை கொடுத்தார், ஏய்டன் அதை வழியில் பார்த்த ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டார். வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று பேச வேண்டும், அதற்கு நடந்தால்தான் முடியும். அந்த ஏய்டன் 651இல் இறந்த இரவில், மலையில் ஆடு காத்துக்கொண்டிருந்த இளைஞன் கத்பெர்ட், ஓர் ஆன்மாவை வானதூதர்கள் தூக்கிப் போவதைக் கண்டதாக பீட் துறவி எழுதியிருக்கிறார். அதைக் கண்டுதான் மெல்ரோஸ் மடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். இறந்த ஒருவருக்காகத்தான் அவருடைய முதல் அடியே. நாமும் அப்படித்தான் போகிறோம் என்பதால் சொல்கிறேன்.

நான்: இது எனக்குத் தெரியாது சித்தப்பா.

எடின்பரோ சித்தப்பா: கத்பெர்ட் தனிமை தேடிப் போன ஃபார்ன் தீவிலேயே 687இல் இறந்தார். கூட இருந்த துறவிகள் விளக்கை உயர்த்திக் காட்டி லிண்டிஸ்ஃபார்னுக்குச் செய்தி சொன்னார்கள். 793இல் வைக்கிங்குகள் என்ற கடற்கொள்ளையர் லிண்டிஸ்ஃபார்னைக் கொள்ளையடித்தார்கள். 875இல் துறவிகள் அவர் உடல் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவை விட்டே கிளம்பிவிட்டார்கள். நம் வழியில் வரும் அந்தக் குகையில் அப்போது தங்கினார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அங்கே இங்கே என்று சுமந்து, நடுவில் ஒரே ஊரில் நூறு வருடத்துக்கு மேல் வைத்திருந்து, கடைசியில் டர்ஹம் நகரம் சேர்ந்தது 995இல். முதலில் தூக்கியவர்கள் செத்துப்போய், அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் தூக்கி, அப்படியே தலைமுறை தலைமுறையாக.

ராபின் அண்ணன்: அம்மாவைத் தூக்க நான் இல்லை.

தூத்துக்குடி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: நான் பார்த்துவிட்டேன் அண்ணா. நீக்கினது நல்லது.

செல்வி அக்கா: ராபின், போன் எடு.

பெரியப்பா: ராபின். திங்கட்கிழமை மெல்ரோஸில் நீ என்னோடு இரு. என் பை கனமாக இருக்கும். அதை நீ தூக்கு.

ராபின் அண்ணன்: வருகிறேன் அப்பா.

ராபின் அண்ணன்: ஞாயிறே வந்துவிடுகிறேன்.

தூத்துக்குடி மாமா: ராபின், நான் அக்கா நினைப்பில் பேசிவிட்டேன். மனதில் வைக்காதே.

ராபின் அண்ணன்: இல்லை மாமா.

லண்டன் பாபு: பெரியம்மா பூட்ஸ் என்ன சைஸ்?

சித்தி: எதற்கு?

லண்டன் பாபு: ஜெசிக்குச் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்

நான்: பெரியப்பாவைக் கேட்காமல் நான் எடுக்க மாட்டேன்.

பெரியப்பா: ஜெசி போட்டுக்கொள்ளட்டும். பெட்டியில் இருந்து என்ன பயன்?

நான்: கடைசி இரண்டு நாளாவது உங்களோடு நடக்கிறேன் பெரியப்பா. டியூட்டியை எப்படியாவது மாற்றுகிறேன்.

எடின்பரோ சித்தப்பா: ஜெசி, புது பூட்ஸை நேராகப் போட்டுக்கொண்டு வராதே. இப்போதிருந்தே தினமும் வீட்டிலும் கடைக்கும் போட்டு நட. வருடக்கணக்கில் பெட்டியில் இருந்தது, அடிப்பாகம் பசை விடுகிறதா என்றும் பார்.

சித்தி: ஃபெனிக்கிலிருந்து கடற்கரைக்கு வரும்போது ரயில் பாதையைத் தாண்ட வேண்டுமாமே?

எடின்பரோ சித்தப்பா: ஆமாம், லண்டன்–எடின்பரோ பெரிய ரயில் போகும் பாதை. எல்லோரும் சேர்ந்துதான் தாண்ட வேண்டும். ஃபெனிக்கிலிருந்து தீவு சுமார் 10 கிலோமீட்டர், அதில் பாதி மணல். பாபு போன் பார்த்துக்கொண்டு நடக்கக் கூடாது.

லண்டன் பாபு: நான் என்ன செய்தேன்

செல்வி அக்கா: சரி, இதுவரை: 26 சனி தீவு. வழிகாட்டி யாரைக் கேட்பது என்று பங்குக் குழு அக்காக்களிடம் விசாரிக்கிறேன். அப்பா மெல்ரோஸிலிருந்தா, வூலரிலிருந்தா என்பது டாக்டர் சொன்ன பிறகு. அப்பா, செவ்வாய்க்கிழமை அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கிறேன்.

பெரியப்பா: போடு.

சித்தி: மணலில் நடக்கும்போது செபமாலை சொல்லலாமா? அக்கா சொல்வாளா?

செல்வி அக்கா: முதல் பாதி சொல்வார்கள் சித்தி. பிறகு எல்லோரும் பேசாமல் நடப்பார்களாம். திட்டில் கிடக்கும் கடல்நாய்கள் ஊளையிடுவது கேட்கும், அதைக் கேட்கத்தான் பேசக் கூடாது என்பார்கள்.

சித்தி: பாபுவை என்ன செய்வது

தூத்துக்குடி மாமா: நான் அங்கே வர முடியாது. நீங்கள் நடக்கும் அதே நேரத்தில் இங்கே பனிமய மாதா கோவிலில் பூசைக்குக் கேட்கிறேன். பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடும் என் பொறுப்பு. நம் ஊர் நேரம் எத்தனை மணி?

எடின்பரோ சித்தப்பா: மச்சான், அப்போது இங்கே கோடை நேரம், நான்கரை மணி நேர வித்தியாசம். நாங்கள் பத்து மணிக்கு மணலில் இறங்கினால் உங்களுக்குப் பகல் இரண்டரை. ஆனால் 26ஆம் தேதி அட்டவணையைச் சரியாகப் பார்த்துவிட்டுத்தான் முடிவாகச் சொல்ல முடியும், அரை மணி முன்னே பின்னே ஆகலாம், வழிகாட்டி சொல்வதைத்தான்

தூத்துக்குடி மாமா: பகல் இரண்டரைக்கு எந்தச் சாமியார் பூசை வைப்பார்?

சித்தி: ஜெபம் சொல்லலாம் அண்ணா, பூசையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி மாமா: கேட்டுப் பார்க்கிறேன்.

லண்டன் பாபு: பிரியாணி முடிவாகவில்லை