மறு: கலைச்சொல் வேண்டும் – கொரிய மொழி கற்போரின் "பயன்வழித் திறன்"?

வணக்கம். கொரிய மொழி கற்போர் பற்றிய உங்கள் கட்டுரைக்கு, ஆளும் சூழலும் அறிந்து பேசும் திறனை (pragmatic competence) குறிக்க ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள்.

> துறை பயன்வழியியல் என்றால் திறனும் பயன்வழித் திறன்தானே?

சூழலுக்கேற்ப மொழி எப்படிப் பொருள்படுகிறது என்று ஆராயும் துறைக்கு (pragmatics) அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். கற்பவரின் திறனைச் சொல்ல வரும்போதுதான் இடிக்கிறது.

ஒரு மாணவி வகுப்புக்குத் தாமதமாக வருகிறாள். பஸ் வரவில்லை என்று ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். வினையின் ஈற்றில் "-ஜானாயோ" சேர்க்கிறாள். இலக்கணம் சுத்தம், மரியாதைக்கான "யோ"வும் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் காதில் விழுவது, "பஸ் வரலைன்னு உங்களுக்கே தெரியுமில்ல?" "-கொதுன்யோ" போட்டிருந்தால் காரணம் சொன்னதாகும், ஆனாலும் பெரியவர்களிடம் கொஞ்சம் வெடுக்கென்றிருக்கும். "அன் வாசொயோ" (வராததால...) என்று இழுத்து விட்டிருக்கலாம், நாம் "பஸ் வரலை, அதான்..." என்று நிறுத்துவதுபோல.

தேர்ச்சி கூடினால் இது தானாக வந்துவிடாது. கொரிய மொழித் தேர்ச்சிக்கான டோபிக் (TOPIK) தேர்வில் உச்சமான ஆறாம் நிலைவரை கேட்டல், எழுதுதல், படித்தல் மட்டுமே; பேச்சுத் தேர்வு தனியாக வந்ததே 2022இல்தான். தேர்ச்சி கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது என்பேன். மொழியியலாளர் ஜென்னி தாமஸ் 1983இலேயே சொன்னார்: சரளமாகப் பேசுபவர் இதில் தவறினால் மொழி தெரியாதவர் என்று யாரும் நினைப்பதில்லை, திமிர் பிடித்தவர் என்றுதான் நினைப்பார்கள்.

முதலில் "இங்கிதத் திறன்" என்று எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். இங்கிதம் என்றால் பணிவு மட்டும் என்றாகிவிடும். நெருங்கிய தோழனிடம் "-சும்னிதா" என்ற சம்பிரதாய ஈறு போட்டுப் பேசினால் அவன், "என்ன, கோபமா?" என்பான். அங்கே பான்மல்தான், அதாவது மரியாதை ஈறில்லாத நெருக்கமான பேச்சுத்தான் சரி. ஆகவே என் பரிந்துரை: இடமறி திறன். "இடம் பொருள் ஏவல் தெரிஞ்சு பேசு" என்று வீட்டில் திட்டு வாங்காதவர் யார்? தன்மை, முன்னிலை, படர்க்கையும் நமக்கு "இடம்"தான். யார் யாரிடம் பேசுகிறார் என்பதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

---

> என் பரிந்துரை: இடமறி திறன்

எனக்குச் சம்மதம். "இடனறி" என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள், குறளில் இடனறிதல் போர்க்களத்துச் சங்கதி.

கட்டுரையில் வரும் "மரியாதை வடிவங்கள்" என்பதையும் மாற்றலாமே? ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வரும் "உயர்சொற் கிளவி", இலக்கண முறை அன்று என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பிரித்தே வைத்திருக்கிறார். கொரியனில் வினைக்குள் வரும் "-ஷி-"யை உயர்சொல் விகுதி எனலாம். "யோ", "சும்னிதா" வேறு கணக்கு. அவை பேசப்படுபவரைப் பற்றியவை அல்ல, கேட்பவரைப் பற்றியவை. அவற்றுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?