இசக்கி வேஷம் கட்டின வாரம்: பேச்சியம்மாள் வீட்டு வாட்ஸ்அப் குழு

சனிக்கிழமை

விக்கி, 7:42: (வீடியோ, 18 வினாடி)

விக்கி, 7:43: இசக்கி அத்தான் ஜாக்கெட் அளவு பாக்கச் சேலை கட்டினப்ப எடுத்தது. பின்னாடி காமெடிப் பாட்டு சேத்து ரீல்ஸ்ல போட்டேன். ஒரு மணி நேரத்துல 2,100 பேர் பாத்துட்டாங்க

ராஜி, 7:51: விக்கி, அதை முதல்ல எடுத்துரு

விக்கி, 7:51: ஏன் மைனி? நல்லாத்தானே இருக்கு

ராஜி, 7:52: கீழ என்ன எழுதியிருக்காங்கன்னு படிச்சியா? ஆம்பள சேலை கட்டுனா சிரிப்புன்னு உன் பாட்டே சொல்லிக் குடுத்துட்டு. அவங்களை என்ன சொல்ல?

இசக்கி, 7:58: விடுக்கா. சின்னப் பையன்

வள்ளி, 8:04: விடமாட்டேன். ஏல விக்கி, என் நெஞ்சைத் தொறந்து ஆபரேசன் பண்ணிக்கிட்டு இருந்தப்ப வாசல்ல நின்னு நேந்துக்கிட்டது இது. மூணு வருசம் குறத்தி வேசம் கட்டி, தர்மம் எடுத்து, குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் உண்டியல்ல போடுதேன்னு சொன்னான். இது மூணாவது வருசம். அந்தச் சேலை என் சேலை. நான்தான் எடுத்துக் குடுத்தேன்

விக்கி, 8:11: எடுத்துட்டேன் அத்தை. அத்தான், மன்னிச்சிருங்க. எனக்கு நேர்ச்சைன்னு தெரியும், ஆனா வீடியோ எடுக்கும்போது அது ஞாபகமே வரல

இசக்கி, 8:13: சரி மாப்ள. நீ கேமராவோட குலசைத் தசராவுக்கு வா. நான் கூப்பிடுதேன்

அரவிந்த், 8:20: தப்பா எடுத்துக்காதீங்க, எங்க கோயம்புத்தூர்ப் பக்கம் இந்தப் பழக்கம் இல்லைங்க. பெண் வேஷம்னு ஏன் குறிப்பா நேந்துக்கறாங்க?

இசக்கி, 8:34: மச்சான், எந்த வேஷமும் கட்டலாம். காளி, ராஜா, போலீஸ், குரங்கு, கரடி, பிச்சைக்காரர், குறவன், குறத்தி. சிலருக்குக் கனவுல வரும், சிலருக்கு வீட்டுப் பெரியவங்க சொல்லுவாங்க. எனக்கு அந்த ஆஸ்பத்திரி வாசல்ல அம்மா முகம்தான் கண்ணு முன்னாடி நின்னுச்சு. பெண் வேஷம்தான்னு வாய்ல வந்துட்டு. காப்புக் கட்டினப்புறம் வீடு வீடாப் போயிக் கை நீட்டணும். முதல் வருஷம் எங்க ஆபீஸ் மேனேஜர் வீட்டு வாசல்லயே நீட்டினேன். அவங்க வீட்டம்மா 10 ரூபா போட்டுட்டு என்னைக் கும்பிட்டாங்க. இசக்கியை இல்ல, வேஷத்தை

அரவிந்த், 8:36: புரியுதுங்க. சொன்னதுக்கு நன்றிங்க

ஆச்சி (பேச்சியம்மாள்), 8:50: (குரல் பதிவு, 1 நிமிடம் 12 வினாடி)

வள்ளி, 8:58: அம்மை பேசுனது எல்லாருக்கும் கேட்டிருக்காது, அப்படியே எழுதுதேன். "உங்க தாத்தா காளி வேசம் கட்டினப்ப உடன்குடி ஸ்டூடியோவுல எடுத்த போட்டோ ஒண்ணுதான் இருக்கு. மூஞ்சி பூரா சாயம், நாக்கு, கோரப்பல்லு. மூஞ்சியப் பாத்தா அது எந்த மனுசன்னு தெய்வத்துக்குத்தான் தெரியும். நான் காலைப் பாத்துத்தான் கும்பிடுவேன். பனையேறிக் காய்ச்சுப்போன காலு. அது அவிய காலுதான்."

கண்ணன், 9:15: அம்மா சொன்னதை எல்லாரும் இன்னொரு தடவை படிங்க. 22 வருஷமா தசராவுக்குக் கேமராவோட போறேன். கல்யாண ஆல்பம் போடுறவன், முகம்தான் எனக்குப் பொழப்பு. ஆனா வேஷத்துல முகம்தான் எல்லார்கிட்டயும் ஒண்ணுபோல இருக்கும். நாக்கை நீட்டின காளி நேருக்கு நேரா நிக்கிற படம் என்கிட்டயே ஆயிரத்துக்கு மேல கிடக்கு. ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை வச்சா யாருக்கும் தெரியாது. வேஷத்துக்குள்ள ஒரு ஆள் இருக்கான்னு எந்த இடத்துல தெரியுதோ அதைத்தான் எடுக்கணும். கை, கால், கழுத்து வேர்வை, கண்ணு

ராஜி, 9:19: மாமா, நான் ஆச்சிக்காக நாலு நிமிஷ வீடியோ ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். ஆச்சியால இனிமே அந்தக் கூட்டத்துல போக முடியாது. விக்கி எடுக்கட்டும், நான் வெட்டி ஒட்டுதேன். நீங்க அவனுக்குச் சொல்லிக் குடுங்க

கண்ணன், 9:20: சொல்லுதேன்

ஞாயிற்றுக்கிழமை

விக்கி, 6:30: சித்தப்பா, தெருவுல ஒரு தசரா குழு போச்சு. கேட்டுட்டுத்தான் எடுத்தேன். நாலு படம் அனுப்புறேன் (4 படங்கள்)

கண்ணன், 6:52: கேட்டு எடுத்தது நல்ல காரியம். மூணாவது படம் பாரு. போர்ட்ரெய்ட் மோட்ல வச்சிருக்க. காளிக்குப் பின்னால கட்டியிருக்கிற கையெல்லாம் உன் ஃபோன் பின்னணின்னு நெனச்சு மங்கலாக்கிட்டு. கிரீடத்தோட ஓரத்தையும் அரிச்சிட்டு. வேஷத்துக்கு அந்த மோட் ஆகவே ஆகாது. பியூட்டி ஃபில்டரும் வேண்டாம், பூசின சாயத்துல இருக்கிற விரல் தடத்தையெல்லாம் வழிச்சு எடுத்துரும்

கண்ணன், 6:55: அடுத்தது சிவப்பு. குலசையில எங்க திரும்பினாலும் சிவப்புத்தான். ஃபோன் கேமராவுல சிவப்பு நிறைஞ்சுட்டா சேலை மடிப்பே தெரியாம ஒரே திட்டா ஒட்டிக்கிடும். முகத்துமேல விரலை வச்சு, பக்கத்துல வர்ற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழ இழு. படம் இருட்டின மாதிரித் தெரியும், பயப்படாதே. மடிப்பும் ஜரிகையும் அப்பத்தான் வெளிய வரும்

விக்கி, 6:58: ஃப்ளாஷ் போட்டேன், அதான் சப்பையா இருக்கா?

கண்ணன், 7:03: ஆமா. நேர் வெளிச்சம் விழுந்தா மேடு பள்ளம் எல்லாம் போயிரும், கோரைப்பல்லும் கன்னமும் ஒரே தட்டா ஆயிரும். டீக்கடை லைட்டு ஒரு பக்கமா விழுற மாதிரி நின்னுக்கோ. ஜிகினாவும் கண்ணாடிச் சில்லும் ஆள் அசையும்போதுதான் மின்னும், அதனால அதை வீடியோவா எடு

அரவிந்த், 7:10: மாமா, போன வருஷம் நான் எடுத்த வீடியோவுல லைட்டெல்லாம் பட்டை பட்டையா ஓடுச்சுங்க. ஃபோன் கோளாறுங்களா?

கண்ணன், 7:16: ஃபோன் கோளாறு இல்லைங்க மாப்பிள்ளை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சில சீரியல் செட்டும் டியூப்லைட்டும் விநாடிக்கு 100 தடவை விட்டு விட்டு எரியும், நம்ம கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ப்ரோ மோட்ல ஷட்டர் நேரத்தை 1/50 விநாடி இல்லன்னா 1/100 விநாடி வச்சு, விநாடிக்கு 25 இல்லன்னா 50 ஃபிரேம் எடுங்க. அந்தப் பட்டை அநேகமா போயிரும். 30, 60 எல்லாம் 60 ஹெர்ட்ஸ் கரண்ட் இருக்கிற ஊருக்குச் சரி

இசக்கி, 7:25: மாமா, முகமூடி போடுறவங்களை எப்படி எடுக்கணும்? எங்க குழுவுல கரடி வேஷம் கட்டுற தம்பி ஒருத்தன் இருக்கான். எப்ப எடுத்தாலும் பொம்மை மாதிரி விழுதுன்னு வருத்தப்படுதான்

கண்ணன், 7:41: நல்ல கேள்வி மருமகனே. தஞ்சாவூர்ப் பக்கம் மெலட்டூர்ல பாகவத மேளா ஒரு தடவை எடுக்கப் போனேன். அங்க பெண் பாத்திரம் எல்லாம் வழிவழியா ஆம்பளைங்கதான் கட்டுவாங்க. பிரகலாத சரித்திரத்துல வர்ற நரசிம்மர் முகமூடியைச் சாமியாவே வச்சுப் பூசை பண்ணுறாங்க, அதைப் போடுறவர் விரதம் இருந்துதான் போடணும். அந்த முகம் முகமூடிதான், அசையாது. ஆனா அவர் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினா நெத்தியோட நிழல் கண்ணுல விழுந்து கோவம் வந்துட்டு. நிமிந்தா வெளிச்சம் பட்டு வேற முகம். ராத்திரி பூரா அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தக் கரடித் தம்பிகிட்ட நில்லுன்னு சொல்லாதே. தலையைத் திருப்பச் சொல்லு, மெதுவா. மேல இருந்து வெளிச்சம் வர்ற இடமா நிப்பாட்டு

கண்ணன், 7:44: இன்னொண்ணு, முகமூடியைக் கழட்டின அடுத்த நிமிஷம். வேர்வையோட மூச்சு வாங்குவாங்க, கண்ணு கூசும். அந்த முகத்தை எடுக்க விடுவீங்களான்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோ. வேண்டாம்னா விட்டுரணும். சிலர் காப்போட இருக்கும்போது வேஷம் கலைஞ்ச முகத்தைக் காட்டமாட்டாங்க

விக்கி, 7:50: பெண் வேஷத்துக்கு? அதுதான் எனக்குப் பயமா இருக்கு. மறுபடி தப்பா எடுத்துருவேனோன்னு

ராஜி, 8:02: நான் சொல்லுதேன் விக்கி. உன் ரீல்ஸ்ல கேமரா எங்க இருந்துச்சுன்னு யோசி. இடுப்புக்கு நேரா, கீழ இருந்து மேல போகுது. மீசை வந்ததும் படக்குன்னு பெருசாக்குத. இவன் ஆம்பளைன்னு போட்டுக் குடுக்கிற மாதிரி. கேமராவை அவன் கண்ணு உயரத்துக்கு வை. அவன் உன்னைப் பாக்கட்டும். பாட்டே போடாதே, சலங்கைச் சத்தம் போதும். அப்புறம் அது யாருக்கும் சிரிப்பா இருக்காது

ராஜி, 8:04: இன்னொண்ணும் சொல்லணும். அந்த வீடியோவுக்குக் கீழ திருநங்கைகளை வச்சுக் கேவலமா எழுதியிருந்தாங்க. நேர்ச்சைக்கு வேஷம் கட்டுறது வேற, அவங்க வாழ்க்கை வேற. அவங்களுக்கு அது வேஷமே இல்ல. நம்ம எடுக்கிற படம் ரெண்டு பேரையும் கொச்சைப்படுத்தக் கூடாது

விக்கி, 8:06: சரி மைனி

கண்ணன், 8:15: ராஜி சொன்னதுதான் சரி. அதோட ஒண்ணு. வேஷம் கட்டி முடிச்சப்புறம் எடுக்கிறது பாதிதான். கட்டும்போது எடு. ஆளும் வேஷமும் ஒரே சட்டத்துக்குள்ள இருக்கிறது அப்ப மட்டும்தான். பாதி முகத்துல சாயம், பாதி வெறும் முகம். கொண்டை வைக்க ஒருத்தர் ஊசியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு நிப்பாரு. அங்க பத்து விநாடி கேமராவை அசைக்காம வச்சுக்கோ. சும்மா சுத்தாதே. ராஜிக்கு வெட்ட வசதியா இருக்கும்

செவ்வாய்க்கிழமை

வள்ளி, 5:10: இசக்கி காப்புக் கட்டிட்டான். 21 நாளா ஒரு நேரச் சோறு. மெலிஞ்சுதான் போயிட்டான். ஆனா முகம் தெளிவா இருக்கு

இசக்கி, 5:40: எங்க குழுவுல காளி கட்டுற அண்ணாச்சி 41 நாள். தனிக் குடில் போட்டு அவரே பொங்கிச் சாப்பிடுதாரு. அவரைத்தான் நீ எடுக்கணும் மாப்ள. கிரீடம், ஜடை, கை எல்லாம் சேத்தா தூக்கிட்டு நடக்கவே தனித் தெம்பு வேணும். ராத்திரி நடந்து முடிச்சு உக்காரும்போது தோள்ல கயிறு பதிஞ்ச தடம் இருக்கும்

கண்ணன், 5:52: அந்தத் தடத்தை எடுக்கணும். சம்மதம் கேட்டுட்டு எடு

விக்கி, 9:30: சித்தப்பா, தப்பு மேளம் அடிக்கிற சத்தம் ஃபோன்ல கிழிஞ்சு கேக்குது

கண்ணன், 9:38: பக்கத்துல நிக்கிற. பத்தடி தள்ளிப் போ. மேளக்காரரைப் பாக்காம ஒரு சுவரைப் பாத்தாப்ல ஃபோனைத் திருப்பிச் சத்தத்தை மட்டும் ரெண்டு நிமிஷம் தனியா எடு. ராஜி அதைப் படத்துக்கு அடியில விரிச்சிருவா. சலங்கையைத் தனியா, மேளம் இல்லாத இடத்துல எடு

கண்ணன், 9:40: லென்ஸைத் துடை. கடக்காத்து உப்பு, குங்குமம், ரெண்டும் ஒட்டும். மெத்துன்னு இருக்கிற சுத்தமான துணி போதும். சட்டைத் துணியால அழுத்தித் தேய்க்காதே

சூரசம்ஹாரம் அன்னைக்கு

விக்கி, 4:15: (படம்) அத்தானுக்கு அத்தை வளையல் போடுறாங்க. கை வழியா ஏறல, சோப்பு நுரை தடவிப் போட்டாங்க

ராஜி, 4:17: ஐயோ விக்கி. இது போதும். இது ஒண்ணு போதும்

கண்ணன், 4:21: ஜன்னல் வெளிச்சம். முகத்தைப் பாதி வெட்டிட்டியே, வேணும்னா செஞ்ச?

விக்கி, 4:22: ஆமா சித்தப்பா. முகம் வந்தா கண்ணு அங்கதான் போகும். கை ரெண்டும் தெரியணும்னு நெனச்சேன்

கண்ணன், 4:23: சரியா நெனச்சிருக்க

அரவிந்த், 11:20: கடற்கரைக்கு வந்துட்டோம்ங்க. இவ்வளவு கூட்டத்தை நான் பாத்ததே இல்ல. அத்தனை பேரும் வேஷத்துல. எங்க பாத்தாலும் "ஓம் காளி ஜெய் காளி"

கண்ணன், 11:26: மாப்பிள்ளை, சூரன் பக்கம் கேமராவை வச்சுக்கோங்க. நள்ளிரவுல அம்மன் சிம்ம வாகனத்துல வருவா. சூரன் தன் முகத்தோட வந்து, சிங்க முகம், எருமை முகம், சேவல்னு மாறி மாறி வருவான். தலையை மாத்துறவங்க இருட்டுல எவ்வளவு வேகமா மாத்துதாங்கன்னு பாருங்க. கூட்டம் பூரா அம்மன் சூலத்தைப் பாத்துக்கிட்டு இருக்கும், அந்தக் கையை யாரும் எடுக்கமாட்டாங்க

விக்கி, 12:48: சிக்னல் இல்ல. எடுத்துட்டேன். எருமைத் தலையை ரெண்டு பேர் தூக்கி வைக்கிறது கிடைச்சுச்சு. குதிக்கிற குரங்கு வேஷத்தை ஷட்டர் 1/500-ல நிறுத்தி ஒண்ணு, 1/15-ல கூடவே கேமராவைத் திருப்பி ஒண்ணு எடுத்தேன். ரெண்டாவதுல முகம் மட்டும் தெளிவா, வாலும் கூட்டமும் கோடு கோடா. ஆனா 30 எடுத்து ஒண்ணுதான் தேறுச்சு

கண்ணன், 12:55: எனக்கும் 30-க்கு ஒண்ணுதான் தேறும். ஜாக்கிரதையா வீடு வாங்க

மறுநாள்

ஆச்சி, 9:05: (குரல் பதிவு, 38 வினாடி)

வள்ளி, 9:12: அம்மை சொல்லுதா: "வளையல் போட்ட போட்டோவப் பெருசாக் கழுவிக் கொண்டாங்க. இசக்கிக் கையை எனக்குத் தெரியுது. கட்டவிரல் பக்கம் அந்தத் தழும்பு, கருப்பட்டிப் பாகு கொட்டுனது, அவனுக்கு நாலு வயசு அப்ப."

இசக்கி, மாலை 7:30: காப்பு அவுத்தாச்சு. மூணு வருஷமும் முடிஞ்சிட்டு. உண்டியல்ல போட்டுட்டேன். வளையல் கழட்டும்போது ஒண்ணு உடைஞ்சிட்டு, அம்மா அதை எடுத்து வச்சிருக்கா

இசக்கி, 7:34: மாப்ள, நேத்து வெளிய கிளம்பும் முன்னாடி, அடுப்படியில நான் நடந்தப்ப சலங்கைச் சத்தம் தனியா எடுத்தியா?

விக்கி, 7:35: எடுத்தேன் அத்தான். 1 நிமிஷம் 50 விநாடி. நடுவுல அத்தை "பாத்துப் போ"ன்னு சொல்றது கேக்குது, வெட்டிரவா?

ராஜி, 7:35: வெட்டாதே. அப்படியே அனுப்பு