புதுப்பிப்பு: நசுங்கி வந்த பெல்லட் டப்பா

போன மாதம் புலம்பியிருந்தேனே, அதன் தொடர்ச்சி. 4.5 மி.மீ. தட்டைத்தலை பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் ஈயக் குண்டு), 500 அடங்கிய டப்பா நான்கு ஆன்லைனில் வாங்கினேன். வெறும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியதால் ஒன்று மூடி பிதுங்கி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை வெள்ளைத் துண்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 137 பெல்லட்டுகளில் பின்விளிம்பு கோணல். சிலது புளியங்கொட்டை மாதிரி சப்பை. தலைப்பக்கம் பெரும்பாலும் சேதமில்லை. ஸ்கர்ட் என்கிற அந்தப் பின்விளிம்புதான் மெல்லிசு, உள்ளே குழிவு. காற்று தள்ளும்போது குழலோடு ஒட்டி அடைக்க வேண்டியதே அது. வளைந்தால் காற்று ஒருபக்கமாகக் கசியும், குண்டு தள்ளாடிப் போகும்.

"குச்சியை விட்டு நிமிர்த்திப் பாருங்கண்ணா" என்று ஒரு தம்பி சொல்லியிருந்தார். பத்தை நிமிர்த்தினேன். பார்வைக்கு வட்டம்தான். மணல் மூட்டையில் ரைஃபிளைச் சாய்த்து 10 மீட்டரில் சுட்டால், நல்ல பெல்லட் ஐந்தும் ஒரே கிழிசல். நிமிர்த்தியவை இலக்கு அட்டையின் எட்டு, ஒன்பது மதிப்பெண் வளையங்களில் சிதறின. நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளியே 0.5 மி.மீ. தான், அதற்கு இது ஆகாது. தம்பி கோபிக்க வேண்டாம்.

விற்றவர் முதலில் "திறந்த டப்பாவுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்" என்றார். பார்சல் பிரித்த வீடியோவை அனுப்பியதும் ஒரு டப்பா பணம் வந்துவிட்டது. கூரியர் காசு போனது போனதுதான்.

அடுத்த முறை எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் எல்லாரும் சேர்ந்து மொத்தமாக, அட்டைப்பெட்டியில் வாங்கப்போகிறோம். கோணலானவற்றைத் தனி டப்பாவில் போட்டுப் பரணில் வைத்தாயிற்று. ஈயமாச்சே, வீட்டில் குட்டிப்பயல் வேறு இருக்கிறான்.